ஏற்றத்தில் செல்லும் லொறியும் வெப்பமானியும்

பதுளை கடல்மட்டத்திலிருந்து சுமார் 680 மீற்றர் உயரத்திலும், பண்டாரவளை சுமார் 1,200 மீற்றர் உயரத்திலும் உள்ளன. இவற்றிற்கு இடைப்பட்ட ஹாலிஎலப் பகுதியில் விளையும் போஞ்சி, கோவா, தக்காளி முதலியன இத்தகைய ஏற்றங்களைக் கடந்தே சந்தைக்குச் செல்கின்றன. பாரம் ஏற்றிய லொறி மெதுவாக ஏறும்போது எஞ்சின் மிகுந்த வெப்பத்தை உண்டாக்குகின்றது, எதிர்க்காற்றோ குறைவு. ஆதலின், வாகனம் வைத்திருக்கும் கமக்காரர் வெப்பமானியின் குறிப்பை அறிந்திருத்தல் அவசியமாகும்.

வெப்பமானி, எஞ்சினைச் சுற்றி ஓடும் குளிர்நீரின் வெப்பத்தைக் காட்டுகின்றது. எஞ்சினை இயக்கியதும் ஊசி குளிர்ப் பக்கத்தில் நிற்கும். சில நிமிடங்களில் நடுப்பகுதிக்கு வரும். அப்போது நீரின் வெப்பம் பெரும்பாலும் 80 முதல் 95 பாகை சதமம் வரை இருக்கும். ஊசி வழக்கமான இடத்தைவிட உயர்ந்தால் அது முதல் எச்சரிக்கை. செந்நிறப் பகுதியை அடைந்தால் பயணத்தைத் தொடர்தல் கூடாது. சில சிறு வாகனங்களில் ஊசிக்குப் பதிலாகச் சிவப்பு விளக்கே உண்டு.

மிக உயர்ந்து நின்ற ஊசி திடீரெனக் குளிர்ப் பக்கம் வீழ்ந்தால், எஞ்சின் ஆறிவிட்டது என எண்ணலாகாது. நீர் ஒழுகிப் போனமையால், வெப்பத்தை உணரும் கருவி நீரின்றி நிற்பதும் இதற்குக் காரணமாகலாம். இந்நிலையில் வாகனத்தைச் செலுத்தினால் எஞ்சினின் தலைப்பகுதி வளையும், இறுகிப்போதலும் கூடும்.

உயரம் செல்லச் செல்ல நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும். பண்டாரவளையில் திறந்த பாத்திரத்து நீர் சுமார் 96 பாகையிற் கொதிக்கின்றது. ரேடியேற்றர் மூடி அமுக்கத்தைக் காத்து, நீர் எளிதிற் கொதிக்காமல் தடுக்கின்றது. ஆகவே, ரப்பர் தேய்ந்த மூடியை மலைப்பாதையில் பயன்படுத்தலாகாது.

ஊசி உயரத் தொடங்கினால் வேகத்தைக் குறைத்துக் கீழ்க் கியரிற் செல்க. செந்நிறத்தை அணுகினால் பாதுகாப்பான ஓரத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, சக்கரங்களுக்குத் தடை வைக்க. மூடியை உடனே திறத்தல் பேராபத்து. கொதிநீர் பீறிட்டு முகத்தையும் கைகளையும் வேகச் செய்யும். அரை மணி நேரமேனும் பொறுத்து, ரேடியேற்றர் நன்கு ஆறிய பின்னர், தடித்த துணியால் மூடியைச் சிறிது சிறிதாகத் திறக்க. சூடான எஞ்சினில் தண்ணீர் வார்த்தால் இரும்பு வெடித்தலும் கூடும்.

புறப்படுமுன், எஞ்சின் குளிர்ந்திருக்கையில், நீரின் அளவு, விசிறிப் பட்டியின் இறுக்கம், குழாய்களின் ஒழுக்கு ஆகியவற்றைக் கவனிக்க. வயலில் வேலைசெய்த உழவு இயந்திரமாயின், ரேடியேற்றரில் அடைந்த வைக்கோலையும் தூசியையும் நீக்குக.

அரை மணி நேரத் தாமதத்தால் போஞ்சி வாடிவிடாது. எஞ்சின் கெட்டு லொறி ஓரிரவு வழியில் நின்றால், சுமையும் நட்டம். திருத்தச் செலவும் மேலதிகம்.