ஆனையிறவு வழியே சென்ற செல்வம்

வன்னிப் பெருநிலப்பரப்பையும் யாழ்ப்பாணக் குடாநாட்டையும் இணைக்கும் ஒடுங்கிய நிலத்திற்கு ஆனையிறவு என்பது பெயர். இன்று அவ்வழியே செல்வோர் காண்பன உப்பளமும் நெடுஞ்சாலையும் இருப்புப்பாதையுமே. ஆயினும் அப்பெயர் காரணம் பற்றி வந்த பெயராகும். பல நூற்றாண்டுகள் வரை வன்னிக் காட்டு யானைகள் இவ்விடத்தில் ஆழமற்ற கடல்நீரில் இறக்கப்பட்டு, வடகரைக்கு நடத்திச் செல்லப்பட்டன. அங்கிருந்து அவை சென்ற தூரமோ மிகப் பெரிது.

இவ்வணிகம் தோன்றியதற்கு நிலவியல்பே முதற் காரணம். வன்னியில் வடகீழ்ப் பருவக்காற்று மழை பொழிவது ஆண்டில் சில மாதங்களே. எஞ்சிய காலம் வறட்சி. ஆதலின் முன்னோர் ஊர்தோறும் குளங்களைக் கட்டினர். காடும் குளமும் அடுத்தடுத்து அமைந்த நிலம் யானைக்கு உகந்த உறைவிடமாயிற்று. குடாநாடோ சுண்ணக்கற்பாறை மீது அமைந்த, மக்கள் நெருங்கி வாழும் நிலம். அங்கே யானை உலவும் பெருங்காடு இல்லை. ஆனால் தீவுகளின் மறைவில் காற்றுக்கும் அலைக்கும் ஒதுங்கி நின்ற ஊர்காவற்றுறை அங்கே இருந்தது. பொருள் தெற்கே, துறை வடக்கே. இரண்டையும் இணைத்த வாயில் ஆனையிறவு.

வாங்குவோர் பாக் நீரிணைக்கு அப்பால் இருந்தனர். இந்திய உபகண்டம் பல நாடுகளும் பல மொழிகளும் கொண்ட பெருநிலம். அங்கு அரசர்கள் ஒருவரோடொருவர் பொருதுகொண்டே இருந்தமையால் போர்யானைக்குத் தட்டுப்பாடு நீங்கியதில்லை. இலங்கை யானைகளைக் கப்பலேற்றிக் கலிங்க மன்னனுக்கு விற்றனர் என உரோம நாட்டு ஆசிரியர் ஏலியன் குறித்துள்ளார். 12ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு பொறிப்பித்த நயினாதீவுத் தமிழ்க் கல்வெட்டு இன்னும் தெளிவான சான்று. யானையும் குதிரையும் ஏற்றிவரும் கலம் உடையுமாயின் காற்பங்கே அரச பண்டாரத்திற்கு உரியது. பிற சரக்கேற்றிய கலமாயின் சரிபாதி உரியது என்பது அதன் கருத்து. யானை வணிகரை அரசு எத்துணைப் பரிவோடு பேணியது என்பதற்கு இவ்வேறுபாடே போதும்.

யானை பிடித்தல் எளிய தொழிலன்று. வடக்கிலும் கிழக்கிலும் வாழ்ந்த முஸ்லிம் ஊர்களைச் சேர்ந்த பணிக்கர்கள் இதில் பேர்பெற்றவர்கள். தோலால் முறுக்கிய கயிற்றுடன் யானையைத் தொடர்ந்து சென்று, பின்னங்காலில் சுருக்கிட்டு, அருகிலுள்ள மரத்தில் பிணிப்பர். கணநேரம் தவறினும் உயிர் தப்பாது.

1619இல் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயர் வசமாயிற்று. ஊர்காவற்றுறையை அவர்கள் யானைத்துறை என்றே தம் மொழியில் வழங்கினர். 1658இல் ஒல்லாந்தர் அவர்களை அகற்றினர். இருவரும் வன்னியர்களிடம் யானைகளையே திறையாகக் கேட்டனர். ஒல்லாந்தர் காலத்தில் பனங்காமம், கரிக்கட்டுமூலை, முள்ளியவளை முதலிய பற்றுகளின் தலைவர்கள் ஆண்டுதோறும் குறித்த தொகை யானைகளைச் செலுத்தல் வேண்டும். யாழ்ப்பாணத்தில் அவற்றை வாங்கக் கோல்கொண்டா நாட்டு வணிகரும் வங்காள வணிகரும் வந்தனர்.

இங்கேதான் வணிகம் அரசியலாயிற்று. உயிரைப் பணயம் வைத்துப் பிடித்தவர் வன்னியர். விலை கூறி விற்றவர் ஒல்லாந்தர். காட்டில் யானை எத்தனை அகப்படும் என்பதை ஓலையில் எழுதிய கணக்கு அறியாது. திறை நிலுவையாயிற்று, நிலுவை பகையாயிற்று. 1782இல் ஒல்லாந்தர் படை வன்னியுட் புகுந்தது. பின்னர் நாகெல் என்னும் அதிகாரி முல்லைத்தீவிலிருந்து வன்னியை ஆண்டார். ஆங்கிலேயர் வந்த பின்னரும் எதிர்ப்பு அடங்கவில்லை. 1803 ஆகஸ்டில் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைக் கைப்பற்றினான். அதே ஆண்டு அக்டோபரில் கற்சிலைமடுவில் அவன் படை முறியடிக்கப்பட்டது.

துப்பாக்கியும் பீரங்கியும் போர்க்களத்தை ஆளத் தொடங்கியபின் போர்யானையின் மதிப்புக் குறைந்தது; வணிகமும் தேய்ந்தது. ஆனால் வாயிலின் மதிப்புக் குறையவில்லை. 1905இல் யாழ்ப்பாணம் வரை இருப்புப்பாதை நிறைவுற்றபோது அதுவும் இவ்வழியையே நாடியது. உள்நாட்டுப் போரில் இவ்வொடுங்கிய நிலத்திற்காகப் பல்லாயிரவர் பொருதினர். 2000ஆம் ஆண்டில் ஆனையிறவு முகாம் விடுதலைப் புலிகள் வசமாயிற்று. 2009 சனவரியில் இராணுவம் அதனை மீட்டது. 1990இல் நின்றுபோன புகைவண்டி 2013இல் கிளிநொச்சியையும் 2014இல் யாழ்ப்பாணத்தையும் மீண்டும் அடைந்தது. இடைப்பட்ட காலத்தில் பாதை மூடப்பட்டபோதெல்லாம் மருந்தும் மண்ணெண்ணெயும் கிடைக்காது இடருற்றவர் இந்நிலத்துக் குடிகளே.

யானையும் வன்னியைவிட்டு நீங்கவில்லை. ஒருகாலத்தில் அரசர்க்குச் செல்வமாயிருந்த அதே விலங்கு, இன்று காட்டோரத்து வயலில் கதிர் முற்றும் வேளையில் வந்து நிற்கிறது. பரணில் கண்விழிக்கும் உழவனிடம் யானைவெடியும் தீப்பந்தமுமே உள்ளன. சில இடங்களில் மின்வேலி துணைநிற்கிறது. அன்று யானையைப் பிடித்துத் தரவில்லை என்று இந்நிலத்தார்மீது பழி சுமத்தப்பட்டது. இன்று யானையால் விளைவை இழப்பவரும் அவரே. வன்னியின் காட்டையும் வழியையும் பற்றித் திட்டமிடுவோர், அவற்றிடையே வாழ்வோரை முதலிற் கேட்டறிதல் வேண்டும்.