மருந்துக்குச் சாகாத புல்

எங்கள் வீட்டில் கார் நிறுத்தும் இடத்துச் சிமெண்டு வெடித்து, ஒரு விரல் அகலத்துக்கு இடைவெளி விழுந்திருக்கிறது. அதில் ஒரு புல் முளைத்தது. ஈப்போவில் தாமான் வீடுகளில் குடியிருக்கும் எல்லாருக்கும் இந்தப் புல்லைத் தெரிந்திருக்கும். தரையோடு தட்டையாகப் படுத்திருக்கும். அடித்தண்டு வெள்ளை வெளேரென்று இருக்கும். நடுவிலிருந்து விரல்களை விரித்ததுபோல் கதிர் விடும். கையால் பிடித்து இழுத்தால் வராது. நாம்தான் பின்னால் சாய்ந்து விழுவோம்.

வேலை முடிந்து வந்து குனிந்து பிடுங்க யாருக்கு நேரம்? கடையில் களைக்கொல்லி வாங்கிக் கலக்கி அடித்தேன். பத்து நாளில் சுற்றியிருந்த செடியெல்லாம் மஞ்சளாகிச் செத்தது. அம்மா தொட்டி ஓரத்தில் விதைத்திருந்த கீரையும் அதோடு போனது. இந்தப் புல் மட்டும் பச்சைப் பசேல் என்று நின்றது. அளவைக் கூட்டி இன்னொரு முறை அடித்தேன். வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அம்மா சிரித்துவிட்டார்.

"பாப்பா, அது மருந்து குடிச்சுப் பழகின புல்லு. நீ கலக்கிக் குடுக்கிறது அதுக்குத் தேத்தண்ணி மாதிரி."

அம்மாவுக்கு வயது எழுபத்திரண்டு. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். பால் வெட்டினார், பிறகு பதினோரு ஆண்டுகள் மருந்தடிப்பு. அவர் பேச்சை வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டேன். அன்று இரவு தேடிப் படித்தபோதுதான் அவர் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடப் பிசகில்லை என்று தெரிந்தது.

மலாய்க்காரர்கள் இதை 'ரும்புட் சம்பாவ்' என்பார்கள். தாவரவியல் பெயர் எலூசின் இண்டிகா. நம் கேழ்வரகுக்கு இது நெருங்கிய உறவு. கேழ்வரகு தோன்றிய வழியில் இந்தப் புல்லும் ஒரு மூதாதை. அந்தக் கதிரை இன்னொரு முறை பாருங்கள், ஜாடை தெரியும். 1990களின் பிற்பகுதியில் நம் பேராக் மாநிலத்தில், தெலுக் இந்தான் பக்கத்துப் பழத்தோட்டத்தில், கிளைஃபோசேட் என்ற களைக்கொல்லியை அடித்தும் இந்தப் புல் சாகாமல் நின்றது. அந்த மருந்தை எதிர்த்து நின்ற களை என்று உலகில் அதற்கு முன் பதிவானது ஒன்றே ஒன்றுதான். அது ஆஸ்திரேலியாவின் ஒரு புல். இரண்டாவது நம்முடையது.

அது எப்படித் தப்பிக்கிறது என்பதையும் ஆய்வாளர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். செடி தனக்கு வேண்டிய சில அமினோ அமிலங்களைத் தயாரிக்க ஒரு நொதியை நம்பியிருக்கிறது. கிளைஃபோசேட் போய் அந்த நொதியின் வாயை அடைத்துக்கொள்ளும். செடி பட்டினியில் சாகும். மருந்துக்குச் சாகாத புல்லிலோ, அந்த நொதியின் சங்கிலியில் 106ஆவது இடத்திலுள்ள ஒரே ஒரு கண்ணி மாறியிருந்தது. பூட்டின் உள்ளே ஒரு பல்லை மாற்றிவிட்டால் பழைய சாவி நுழையாது அல்லவா, அதுபோல. பல்லாயிரம் புல்லில் ஏதோ ஒன்றுக்குத் தற்செயலாக இந்த மாற்றம் இருந்திருக்கும். நாம் ஒரே மருந்தை மாதாமாதம் அடித்து மற்றதையெல்லாம் கொன்று, அந்த ஒன்றுக்கு இடம் ஒழித்துக் கொடுத்தோம். அது ஆயிரக்கணக்கில் விதை போடும். பிறகு குளுஃபோசினேட் என்ற இன்னொரு மருந்துக்கும் அசையாத சம்பாவ் புல் மலேசியாவில்தான் உலகிலேயே முதலில் பதிவானது.

நான் அளவைக் கூட்டி அடித்து என்ன சாதித்தேன் என்றால், எங்கள் வீட்டிலும் அதற்கு இடம் ஒழித்துக் கொடுத்தேன்.

அம்மாவின் நகங்கள்

தோட்டத்து ஆட்களுக்குக் களை புதிய எதிரி இல்லை. பால்மரம் நட்ட காலத்திலேயே புல்வெட்டும் தொடங்கிவிட்டது. ஆரம்பத்தில் மரத்தடியில் ஒரு புல்லும் இருக்கக்கூடாது என்பது துரைமார்களின் கொள்கை. வழித்துத் துடைத்த தரையில் மழை பெய்ய, மேல்மண் முழுக்க ஆற்றுக்குப் போனது. லாலாங் புல்லுக்குச் சோடியம் ஆர்சனைட் அடித்தார்கள். ஆமாம், ஆர்சனிக்தான். மாடு மேய்ந்தால் மாடு போகும். (அந்த லாலாங்கின் பெயரைத்தான் 1987இல் ஒரு கைது நடவடிக்கைக்கும் வைத்தார்கள். எவ்வளவு வெட்டினாலும் கிழங்கிலிருந்து திரும்ப வரும் புல்லின் பெயரை எந்தத் துணிச்சலில் வைத்தார்களோ!)

அம்மா காலத்தில் பாராகுவாட். காலையில் தோம்பில் கலக்கி, முதுகுப் பம்பில் ஊற்றி, ஏறி இறங்கும் காட்டில் நடந்துகொண்டே அடிக்க வேண்டும். அடித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கையுறை கொடுத்தார்கள். அந்த வெக்கையில் போட்டுக்கொள்ள முடியவில்லை. கிழிந்தால் மாற்றுக் கையுறையும் இல்லை. பம்பின் மூடி ஒழுகி முதுகில் வழியும். மதியம் அதே கையைக் கழுவிவிட்டுச் சோறு. அம்மாவின் வலக்கை நகங்கள் மூன்று கறுத்து உதிர்ந்தன. பிறகு முளைத்தவை இன்றும் மேடு பள்ளமாகத்தான் இருக்கின்றன. சில நாள் மூக்கில் ரத்தம் வரும். "சூடு" என்று சொல்லி மோர் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்வார்.

பாராகுவாட்டுக்கு மாற்று மருந்து கிடையாது. ஒரு வாய் உள்ளே போனால் நுரையீரல் போய்விடும். தோட்டங்களில் எத்தனை குடும்பச் சண்டை, எத்தனை கடன் தொல்லை அந்தப் போத்தலில் முடிந்தது என்று நம் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் பெயர் பெயராகச் சொல்வார்கள். 2002இல், ஐரீன் பெர்னாண்டஸ் தோற்றுவித்த தெனாகானித்தா அமைப்பு, தோட்டங்களில் மருந்தடிக்கும் பெண்களின் உடல்நிலையை ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டது. அதே ஆண்டு அரசாங்கம் பாராகுவாட்டைத் தடை செய்வதாக அறிவித்தது. 2006இல் தடையைத் தளர்த்தியது. முழுத் தடை வந்தது 2020 ஜனவரி 1ஆம் தேதி. அப்போது அம்மா வேலையை விட்டு இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. தொலைக்காட்சியில் செய்தி ஓடியபோது அவர் தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார், ஒன்றும் சொல்லவில்லை.

அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, முகத்தில் துணிகூடக் கட்டாமல் நான் மருந்தடித்திருக்கிறேன்.

லயத்தை மூடிய கொடி

போன ஆடி மாதம் அம்மாவைப் பழைய தோட்டத்துக்குக் கூட்டிப் போனேன். மாரியம்மன் கோயில் திருவிழா வருடத்துக்கு ஒரு முறை இன்னும் நடக்கிறது. ஈப்போ, சுங்கை சிப்புட், கோலாலம்பூர் என்று சிதறிப் போனவர்கள் அன்று மட்டும் வந்து கூடுவார்கள். தோட்டத்தில் முக்கால்வாசி இப்போது செம்பனை. லயம் இருந்த பக்கம் யாரும் எதுவும் நடவில்லை. கார் கதவைத் திறந்த அம்மா இறங்காமல் உட்கார்ந்திருந்தார்.

வீடுகளைக் காணோம். பச்சைப் போர்வை போர்த்தியதுபோல் ஒரு மேடு, அடுத்து இன்னொரு மேடு. உற்றுப் பார்த்தால் ஒரு தகரக் கூரையின் விளிம்பு. அம்மா பிறந்த வீட்டுப் பக்கத்து மாமரமும் பச்சைக் கூடாரமாகிவிட்டது. உள்ளே மரம் உயிரோடு இருக்கிறதா என்று தெரியவில்லை.

அந்தக் கொடி மைக்கானியா. இதய வடிவ இலை, கொத்துக் கொத்தாக வெள்ளைப் பூ. கேரளாவில் இதைத் 'திருதராஷ்டிரப் பச்சை' என்கிறார்கள். தழுவியே கொல்லும் கைகள். சொந்த ஊர் தென்னமெரிக்கா. நல்ல மழைக்காலத்தில் ஒரே நாளில் 8 சென்டிமீட்டர்வரை ஓடும். இது தானாக வந்த களை இல்லை என்பதுதான் வேடிக்கை. மண்ணரிப்பைப் பார்த்துப் பயந்த பிறகு, பால்மரத்தடியில் மூடுபயிர் வளர்க்கும் பழக்கம் வந்தது. பயற்றினக் கொடிகளோடு மைக்கானியாவையும் சோதித்துப் பார்த்தார்கள். அது இருந்த இடத்தில் இளம் ரப்பர் கன்றுகள் சரியாக வளரவில்லை என்று தெரிவதற்குள், அது வேலி தாண்டியிருந்தது.

பால்மரமே பிரேசிலிலிருந்து வந்ததுதான். 1877இல் கோலகங்சாரில் நட்ட கன்றுகளில் ஒன்று இன்னும் அங்கே மரமாக நிற்கிறது. அந்த மரத்துக்காகக் கப்பலேறியவர்கள் நாம். வெளியூர்ச் செடி என்பதற்காக எதையும் வெறுக்க நமக்கு வாய் வராது. மைக்கானியாவின் குற்றம் வேறு: அது கீழே இருப்பதற்கு வெளிச்சம் விடுவதில்லை.

கோயிலைச் சுற்றி மட்டும் பத்தடிக்குச் சுத்தமாக இருந்தது. எங்கள் பெரியம்மா மகன் ஒருவர் மாதம் ஒரு ஞாயிறு பாராங் எடுத்துக்கொண்டு வந்து வெட்டுகிறாராம். "வெட்டினதை அங்கேயே போட்டீங்கன்னா ஒண்ணு பத்தாகும் அண்ணே" என்று நான் படித்த படிப்பைக் காட்டினேன். உண்மைதான்: மைக்கானியாவின் ஒவ்வொரு கணுவும் ஈர மண்ணைத் தொட்டால் வேர் விடும். அவர் பொறுமையாகக் கோயில் பின்புறத்தைக் காட்டினார். வெட்டியதையெல்லாம் பழைய சிமெண்டுத் தரையில் குவித்துக் காயப் போட்டிருந்தார்.

வீட்டுத் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் இரண்டு செய்தி சொல்லத் தோன்றுகிறது. சாலையோரங்களில் அழகுக்காக நட்டிருக்கும், மஞ்சள் பூப் பூக்கும் வெடேலியாவை, மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று நினைத்துப் பறித்து வந்து சமைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஜாடை ஒன்றுதான், செடி வேறு. வெடேலியாவின் இலையில் பெரும்பாலும் மூன்று மடல் தெரியும். இதுவும் தென்னமெரிக்கப் பக்கத்து வரவு. உலகின் மோசமான நூறு ஆக்கிரமிப்பு உயிர்கள் பட்டியலில் இடம் பெற்றது. சந்தேகம் இருந்தால் வாயில் வைக்காதீர்கள்.

அடுத்தது பார்த்தீனியம். தமிழ்நாட்டுக்குப் போய் வந்தவர்கள் சாலையோரம் முழுக்கப் பார்த்திருப்பீர்கள். சாமந்தி போன்ற இலை, பொடிப் பொடியாக வெள்ளைப் பூ. இந்தியாவில் 1950களில் புனேயில் கண்டார்கள். அமெரிக்கக் கோதுமையோடு வந்ததாகச் சொல்வார்கள். மலேசியாவில் 2013இல் சிலாங்கூர் பத்தாங் காலியில் தெரியவந்தது. பிறகு கெடா, பேராக் என்று பரவியது. இங்கே இதன் பெயர் 'ரும்பாய் மியாங் மெக்சிகோ'. தொட்டால் சிலருக்குத் தோல் தடித்து அரிக்கும், மகரந்தம் மூச்சிரைப்பைக் கிளப்பும். தின்ற மாட்டின் பால் கசக்கும். ஒரு செடியே 15,000 விதைக்கு மேல் போடும். மாட்டுக் குளம்பில், லாரிச் சக்கரத்தில், தீவன மூட்டையில் ஒட்டிக்கொண்டு பயணம் செய்யும். நம்மில் மாடு வளர்ப்பவர்கள் நிறைய, அதனால்தான் சொல்கிறேன். கண்டால் வெறுங்கையால் பிடுங்காதீர்கள். படம் எடுத்து மாவட்ட விவசாய இலாகாவில் காட்டுங்கள். பிடுங்குவதானால் கையுறை, முகக்கவசம் போட்டு, பூ வருவதற்கு முன் வேரோடு எடுத்துப் பையில் கட்டிவிட வேண்டும்.

எங்கள் வீட்டுச் சம்பாவ் புல் என்ன ஆனது என்று கேட்பீர்கள். மீதி மருந்தைப் பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வைத்தேன். ஒரு சனிக்கிழமை, ராத்திரி முழுக்கப் பெய்த மழை விட்ட காலையில், அம்மா பழைய கரண்டி ஒன்றை எடுத்துக்கொண்டு சிமெண்டு வெடிப்பின் பக்கத்தில் பலகை போட்டு உட்கார்ந்தார். கதிர் இன்னும் முற்றவில்லை. கரண்டி முனையை அடித்தண்டின் கீழே நுழைத்து நெம்பினார். ஈரத்தில் வேர் இளகி, மண்ணோடு முழுசாக வந்தது. "மழைக்கு மறுநாள்தான் இதைத் தொடணும். காஞ்ச தரையில இழுத்தா மேல் மட்டும் பிஞ்சிடும்" என்றார். வெடிப்பில் கொதிக்கும் தண்ணீர் ஊற்றினேன்.

மூன்று வாரம் கழித்து இரண்டு குருத்து எட்டிப் பார்த்தது. கரண்டி இப்போது செருப்பு வைக்கும் தட்டிலேயே இருக்கிறது.