பார்டர் பரோட்டாவும் பாஞ்சாகுளத்து மிட்டாயும்: தென்காசியின் உணவுப் பண்பாட்டைத் தாங்குவோர் யார்?

தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் குற்றாலத்தில் ‘சீசன்’ பிறந்துவிடுகிறது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பேரருவியிலும் ஐந்தருவியிலும் பழைய குற்றாலத்திலும் குளித்து எழுவோர், ஈரத்தலையோடும் பசியோடும் செங்கோட்டைச் சாலையில் உள்ள பிரானூருக்குச் செல்கின்றனர். அங்கே பரோட்டாவும் நாட்டுக்கோழி வறுவலும் காத்திருக்கின்றன. திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த செங்கோட்டை, 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு இணைந்தது. எல்லைக்கோடு மேற்கே நகர்ந்துவிட்டது. ‘பார்டர்’ என்னும் பெயர் மட்டும் கடைகளில் தங்கிவிட்டது.

2019 நவம்பரில் திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமான தென்காசியை, இன்று சமூக ஊடகங்கள் பெரும்பாலும் உணவின் வழியாகவே அறிமுகப்படுத்துகின்றன. பார்டர் பரோட்டா, புளியங்குடி எலுமிச்சை, சீசன் காலத்து மங்குஸ்தான், ரம்புட்டான் எனப் பட்டியல் நீள்கிறது. ‘நெல்லைச் சமையல்’ என்றால் சைவ வேளாளர் வீட்டுச் சொதியும் அவியலும் முன்னால் வந்து நிற்கின்றன. இவை சுவையான உணவுகள் என்பதில் ஐயமில்லை. எனினும், இந்தப் பட்டியலில் இம்மண்ணில் நெல்லை விளைவித்தவர்களின் உணவு ஏன் இல்லை என்பதும், அவர்கள் கை பட்ட நெல்லை ஏற்கும் சமூகம் அவர்கள் கை பட்ட சோற்றை ஏன் மறுக்கிறது என்பதும் கேட்கப்பட வேண்டிய கேள்விகள்.

வயலில் தீட்டில்லை

குற்றால மலையில் பிறக்கும் சிற்றாறும் அதன் கிளைகளும் நிரப்பும் குளங்களே இப்பகுதியின் நெல் வேளாண்மைக்கு ஆதாரம். கார், பிசானம் என இரு பருவங்கள். நாற்றுப் பறிப்பு, நடவு, களையெடுப்பு, அறுப்பு ஆகிய வேலைகளின் பெரும்பகுதியைத் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்தவர்கள் பட்டியல் சாதியினர். அவர்களுள்ளும் குறிப்பாகப் பெண்கள். நிலம் வேறொருவர் பெயரில் இருந்தது. அறுப்புக் காலத்தில் கூலியாகக் ‘கொத்து’ நெல் கிடைத்தது. அறுவடை இயந்திரம் வந்தபின் அந்தக் கொத்தும் அருகிவிட்டது.

சாதி ஒழுங்கு உணவை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. நெல், காய்கறி, பருப்பு போன்ற சமைக்காத பொருள்களுக்குத் தீட்டில்லை. நீரும் நெருப்பும் பட்டுச் சோறானவுடன் அதற்குச் சாதி வந்துவிடுகிறது. இந்தப் பிரிவினையின் பயன் யாருக்கு என்று பார்த்தால் அதன் தருக்கம் விளங்கும். நெல்லுக்குத் தீட்டு உண்டென்றால் ஆதிக்கச் சாதியினர் பட்டினி கிடக்க நேரும். எனவே உழைப்பு தேவைப்படும் இடத்தில் தீட்டு தளர்கிறது. சமத்துவம் தேவைப்படும் இடத்தில், அதாவது பந்தியிலும் அடுக்களையிலும், அது இறுகுகிறது.

பள்ளிச் சத்துணவுக் கூடங்களில் எழும் மோதல்களை இந்தப் பின்னணியில்தான் புரிந்துகொள்ள வேண்டும். 2018 ஜூலையில் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையத்தில், அருந்ததியர் பெண் ஒருவர் அரசுப் பள்ளியில் சமைக்கக் கூடாதென்று ஆதிக்கச் சாதியினர் பள்ளியை முற்றுகையிட்டனர். அரிசி எந்த வயலில் யார் கையால் விளைந்தது என்று அவர்களில் எவரும் கேட்கவில்லை.

பாஞ்சாகுளம் சொல்வது என்ன?

தீண்டாமையைத் தூய்மை பற்றிய மூடநம்பிக்கையாக மட்டும் விளக்குவோர் உண்டு. அந்த விளக்கம் போதாது என்பதைத் தென்காசி மாவட்டமே காட்டியது. 2022 செப்டம்பரில் சங்கரன்கோவில் வட்டாரத்தைச் சேர்ந்த பாஞ்சாகுளத்தில், தின்பண்டம் வாங்க வந்த தலித் பள்ளிக் குழந்தைகளுக்குக் கடைக்காரர் பொருள் தர மறுத்தார். ஊரில் கட்டுப்பாடு போட்டிருப்பதாகவும், இனி யாருக்கும் கொடுக்க முடியாதென்று வீட்டில் போய்ச் சொல்லும்படியும் கூறி அனுப்பினார். அந்தக் காணொளி நாடெங்கும் பரவியது.

இங்கே தூய்மை விதி எதுவும் மீறப்படவில்லை. மேலிருந்து கீழே செல்லும் உணவைச் சாதியின் பழைய விதிகளும் தடுத்ததில்லை. குழந்தைகள் கேட்டதோ காசு கொடுத்து வாங்கும் மிட்டாய். அப்படியானால் தடை எதற்கு? இரு தரப்பினருக்கும் இடையிலான முந்தைய மோதல் வழக்கைத் திரும்பப் பெறத் தலித்துகள் உடன்படாததே காரணம் என்று அப்போதைய செய்திகள் தெரிவித்தன. சட்டத்தை நாடியவர்களைப் பணிய வைக்கும் கருவியாக உணவு பயன்படுத்தப்பட்டது. தண்டனையைச் சுமந்தவர்கள் குழந்தைகள்.

இதற்குப் பெயர் சமூகப் புறக்கணிப்பு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் செய்யப்பட்டு 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், பட்டியல் சாதியினர்மீதும் பழங்குடியினர்மீதும் சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பை விதிப்பதையும், விதிக்கப் போவதாக மிரட்டுவதையும் தனிக் குற்றமாக்கியுள்ளது. பாஞ்சாகுளத்தில் கடை மூடி முத்திரையிடப்பட்டது, கைதுகள் நடந்தன. குற்றம் சாட்டப்பட்டோர் ஆறு மாதங்களுக்கு ஊருக்குள் நுழையக் கூடாதென்று நீதிமன்றம் தடை விதித்தது. இதற்கு வழிசெய்வது அச்சட்டத்தின் 10ஆவது பிரிவு. அரிதாகவே கையாளப்படும் இந்தப் பிரிவைச் செயற்பாட்டாளர்கள் அறிந்திருப்பது அவசியம். வழக்கமாக வன்கொடுமைக்குப் பின் ஊரைவிட்டு வெளியேற நேர்வது பாதிக்கப்பட்டோருக்கே. பிரிவு 10 அந்த வழக்கத்தைத் தலைகீழாக்குகிறது.

ஒரே தட்டு என்னும் அரசியல்

பிரானூருக்கு அருகிலேயே மீனாட்சிபுரம் இருக்கிறது. 1981 பிப்ரவரி 19 அன்று அங்கே நூற்றுக்கணக்கான தலித்துகள் இஸ்லாத்தைத் தழுவினர். ஊர் ரஹ்மத் நகர் என்றும் அழைக்கப்படலாயிற்று. தில்லி வரை அதிர்ந்த அந்நிகழ்வை, அயல்நாட்டுப் பணத்தின் சதி என்று பலர் எழுதினர். அன்றாட அவமதிப்பைப் பற்றி அம்மக்கள் சொன்னதைக் கேட்டவர்கள் குறைவு.

அன்றாட அவமதிப்பு என்பதில் தேநீர்க் கடைக்கு முக்கிய இடமுண்டு. தனிக் குவளை, வெளியே நின்று குடிக்கும் கட்டாயம், குடித்தபின் தானே கழுவி வைக்கும் கட்டாயம் ஆகியவை தென்மாவட்டங்களின் நடைமுறை விதிகளாக இருந்தன. அரசமைப்புச் சட்டத்தின் 15(2)ஆம் கூறு கடைகளிலும் உணவகங்களிலும் பாகுபாட்டைத் தடை செய்திருந்தும் அவை தொடர்ந்தன. தமிழ் முஸ்லிம்களின் விருந்துகளிலோ ஒரே சகனைச் சுற்றிப் பலர் அமர்ந்து உண்ணும் வழக்கம் உண்டு. தனிக் குவளையில் குடித்துப் பழக்கப்படுத்தப்பட்ட ஒருவருக்கு ஒரே தட்டில் கை வைப்பது எத்தகைய அனுபவமாக இருந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். மதமாற்றத்தால் சாதி முற்றாக ஒழிந்துவிட்டது என்று இங்கே வாதிடவில்லை. உணவுமேசை சமத்துவத்தின் முதல் சோதனைக்களம் என்பதே சொல்ல வருவது.

பட்டியலில் இல்லாத உணவுகள்

நிலமற்றோரின் அடுக்களை வேறோர் அறிவின் மீது கட்டப்பட்டது. குருணைக் கஞ்சி, கம்பஞ்சோறு, கருவாட்டுக் குழம்பு, வயல் நண்டு, நத்தை, குளத்து மீன், வரப்பில் பறித்த கீரை, மாட்டிறைச்சி, அதை உப்பிட்டு வெயிலில் காயவைத்த உப்புக்கண்டம் ஆகியவை அதன் பொருள்கள். சொந்த நிலமும் நிலையான கூலியும் இல்லாத குடும்பங்களுக்குப் புரதமும் இரும்புச்சத்தும் வந்த வழி இது. எந்த மாதத்தில் எந்த வரப்பில் நண்டு கிடைக்கும், எந்தக் கீரையை எப்போது உண்ணலாகாது, இறைச்சியை எத்தனை வெயில் காயவைக்க வேண்டும் என்பதையெல்லாம் பெண்கள் நினைவில் காத்தனர். பூச்சிக்கொல்லி நண்டையும் நத்தையையும் வயலிலிருந்து அகற்றியது. ஏளனம் உப்புக்கண்டத்தை வீட்டுக்குள் ஒளித்தது.

மலையிலும் இதே நிலைதான். வாசுதேவநல்லூருக்கு மேற்கே வாழும் பளியர் பழங்குடியினர் தேனையும் வள்ளிக்கிழங்கையும் நுட்பமாக அறிந்தவர்கள். குற்றாலக் குறவஞ்சியில் மலைமக்களின் வாழ்வைச் சுவைக்கும் தமிழ்ச் சமூகம், 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் சிறு வனப்பொருள்கள் மீது பழங்குடியினருக்கு அளிக்கும் உரிமையைப் பற்றி அதே ஆர்வத்தோடு பேசுவதில்லை.

மராத்தியில் சாகு பட்டோலே 2015இல் வெளியிட்ட நூல், மராத்வாடாவின் தலித் அடுக்களைகளைச் செய்முறைகளோடும் வரலாற்றோடும் பதிவு செய்தது. 2024இல் அது ஆங்கிலத்திலும் வந்தது. தென்காசிக்கும் அத்தகைய ஒரு பதிவு வேண்டும். அதற்குப் பெரிய நிதி தேவையில்லை. கல்லூரி மாணவர்கள் தம் பாட்டிமாரிடம் அமர்ந்து, என்ன சமைத்தீர்கள், எதைச் சமைக்க வெட்கப்பட வைக்கப்பட்டீர்கள், யார் வீட்டு வாசலில் எந்தப் பாத்திரத்தில் வாங்கி உண்டீர்கள் என்று கேட்டு எழுதத் தொடங்கலாம்.

உணவுப் பண்பாடு என்பது தட்டில் இருப்பதோடு முடிவதில்லை. நட்டவர், அறுத்தவர், மாவு பிசைந்தவர், எச்சில் இலை எடுத்தவர், சீசன் முடிந்தபின் அருவிக்கரைக் குப்பையை அள்ளுபவர் ஆகிய அனைவரும் அதில் அடக்கம். அவர்களுக்கு நியாயமான கூலியும், அவர்களின் பிள்ளைகளுக்கு எந்தக் கடையிலும் தலைநிமிர்ந்து மிட்டாய் வாங்கும் உரிமையும் உறுதியாகும் நாளில்தான், தென்காசியின் உணவைப் பற்றி நாம் முழு மனத்தோடு பெருமை பேச முடியும்.