பட்டப்படிப்பில் பிரெஞ்சு

பன்னிரண்டாம் வகுப்பை முடித்துக் கல்லூரி விண்ணப்பத்தை நிரப்பும்போது, 'பகுதி 1 மொழி' என்ற இடத்தில் நம் பேனா சற்றுத் தயங்கும். சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த கல்லூரிகளில் பி.ஏ., பி.எஸ்ஸி. பயில்வோர் முதல் இரண்டாண்டுகளில் பகுதி 1-இல் ஒரு மொழியும், பகுதி 2-இல் ஆங்கிலமும் படித்துத் தேற வேண்டும். முதன்மைப் பாடத்தில் எவ்வளவு மதிப்பெண் பெற்றாலும், மொழித்தாள் ஒன்று நின்றுபோனால் பட்டம் கைக்கு வராது.

பகுதி 1-இல் தமிழுக்குப் பதிலாகப் பிரெஞ்சு எடுப்போரும் உண்டு. 'மதிப்பெண்ணை அள்ளலாம்' என்று கல்லூரி அக்காக்கள் சொல்வது பாதி உண்மைதான்; பல கல்லூரிகளில் அரிச்சுவடியிலிருந்தே தொடங்குகிறார்கள். ஆனால் அம்மொழியில் மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால்! எண்பதை 'நான்கு இருபது' என்றும், தொண்ணூறை 'நான்கு இருபது பத்து' என்றும் சொல்ல வேண்டும். (கணக்கென்றால் ஓடும் தோழியர் கவனிக்க!) சொல்லின் கடைசியில் எழுதும் மெய்யெழுத்துகள் பல, வாயில் ஒலிப்பதே இல்லை. அதனால் மனப்பாடம் செய்து எழுதித் தேறியவர்கள்கூடப் பேசச் சொன்னால் விழிக்கிறார்கள்.

இது பின்னால் இடிக்கும். பிரான்சில் பிரெஞ்சு வழியில் மேற்படிப்புப் படிக்க, பெரும்பாலும் 'பி2' தகுதி கேட்கிறார்கள். ஏ1 முதல் சி2 வரையுள்ள ஆறு படிகளில் அது நான்காவது. அதற்கான 'டெல்ஃப்' தேர்வில் கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் நான்கையும் சோதிப்பார்கள்.

தமிழை விட்டுவிடுவோமோ என்ற கவலை வேண்டாம். பிரெஞ்சு எடுத்தவர்களுக்குப் பகுதி 4-இல், பள்ளியில் தமிழ் படித்திருந்தால் சிறப்புத் தமிழும், படிக்காதிருந்தால் அடிப்படைத் தமிழும் காத்திருக்கின்றன.