ஆற்றுவாழையும் ஆசனமாகும்

சம்மாந்துறை வட்டைகளில் நெற்செய்கையில் ஈடுபடுங் கமக்காரருக்கு ஆற்றுவாழையை அறிமுகஞ் செய்ய வேண்டியதில்லை. ஊதாப் பூவும் பருத்த காம்பும் உடைய இம்மிதக்குங் களை வடிச்சல் வாய்க்கால்களை அடைத்து, மாரிகாலத்தில் வெள்ளநீர் வயலிலே தேங்கச் செய்கின்றது. கல்முனையையும் நாவிதன்வெளியையும் இணைக்குங் கிட்டங்கித் தாம்போதியை அண்டிய நீர்ப்பரப்பில் இது திரண்டு அடைத்துக்கொள்வதைப் பலரும் கண்டிருப்பர். கூலி கொடுத்து அள்ளிய களை கரையிற் கிடந்து அழுகுவதே வழக்கம். அவ்வாறு எறியப்படுங் காம்பே கதிரை, முக்காலி, கூடை முதலியவற்றுக்கு ஏற்ற நாராகும்.

களையின் இயல்பு

ஆற்றுவாழையின் தாயகம் தென் அமெரிக்கா. பூவின் அழகுக்காகப் பல நாடுகளுக்குக் கொண்டு செல்லப்பட்டு, பின்னர் அந்நாடுகளின் நீர்நிலைகளுக்குப் பகையாயிற்று. இலங்கையில் இதன் பொருட்டு 1909 ஆம் ஆண்டிலேயே தனியொரு கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. வளமான நீரில் இது இரண்டு வாரத்துள் இருமடங்காகப் பெருகவல்லது. சேற்றில் விழுந்த விதை பல ஆண்டுகளின் பின்னரும் முளைக்கும். வயலிலிருந்து கழுவுண்டு செல்லும் பசளையும் இதற்கே உணவாகின்றது.

தாய்லாந்திலும் வியட்நாமின் மீகொங் கழிமுகத்திலும் இக்காம்பைப் பின்னிப் பிரம்புச் சட்டங்களிற் சுற்றித் தளபாடங்கள் செய்கின்றனர். கென்யாவில் விக்டோரியா ஏரிக்கரையிலுள்ள கிசுமு நகரத்தவரும் இத்தொழிலைக் கைக்கொண்டனர். நமது கரையூர்ப் பெண்களுக்குப் பன்பாய் இழைத்தல் பழகிய தொழில். புல்லை வெட்டி, உலர்த்தி, இழைக்கும் அக்கைப்பழக்கம் இதற்கும் பெரிதும் உதவும்.

காம்பைப் பதப்படுத்தல்

சிறுபோக அறுவடை முடிந்து, பெரும்போகத்துக்காக வாய்க்கால் துப்புரவு செய்யும் ஓகத்து, செத்தெம்பர் மாதங்களே இதற்கு உகந்தவை. அப்போது வெயிலும் போதியதாக இருக்கும்.

1. நெருங்கி வளர்ந்த செடிகளின் காம்பே நீளமானது. தனித்து மிதக்குஞ் செடியின் காம்பு குறுகி ஊதியிருக்குமாதலால் பின்னலுக்கு உதவாது. ஒன்றரை அடிக்கு மேற்பட்ட முதிர்ந்த காம்புகளைத் தெரிந்தெடுக்க வேண்டும்.
2. இலையையும் வேரையும் நீக்கி, காம்பைச் சேறு போகக் கழுவ வேண்டும்.
3. மண்ணிற் படாதவாறு பரப்பி, நாளும் புரட்டி, ஒரு வாரமேனும் வெயிலில் உலர்த்த வேண்டும். காம்பிற் பெரும்பகுதி நீரே. 100 கிலோ பச்சைக் காம்பு உலர்ந்தபின் 10 கிலோ அளவுகூடத் தேறுவது அரிது.
4. ஈரம் எஞ்சினாற் பூஞ்சணம் பிடிக்கும். இரவிற் பனி படாது மூடி வைத்தல் இன்றியமையாதது.

உலர்ந்த காம்புகளை மூன்று புரியாகச் சடைபின்னி, முடியுமிடத்தில் புதுக் காம்பைச் செருகி நீட்டினால் நீண்ட கயிறு கிடைக்கும். அதனை நன்கு உலர்ந்த மரச் சட்டத்திலோ பிரம்புச் சட்டத்திலோ இறுக்கி இழைத்து, மேலே வாணிசு பூச வேண்டும். பாரத்தைத் தாங்குவது சட்டமே; ஆகவே அதன் மூட்டுகள் உறுதியாக இருத்தல் வேண்டும். இவ்வாசனம் மழையிற் கிடக்கலாகாது. முதலில் முக்காலி செய்து பழகி, செலவையும் உழைப்பையும் விற்கும் விலையோடு ஒப்பிட்டபின் கதிரையில் இறங்குவதே விவேகம்.

கவனிக்க வேண்டியவை

ஆற்றுவாழை மண்டிய நீரில் முதலையும் பாம்பும் மறைந்திருக்கும். தனியே நீரில் இறங்காது, கரையில் நின்று நீண்ட கொக்கித்தடியால் இழுத்தெடுத்தல் வேண்டும்.

காம்பை மட்டும் அறுத்துச் செடியை நீரில் விடுதல் பெருந்தவறு. அது மீண்டுந் தழைக்கும். பூ விதையாக முன்னரே செடியை முழுவதும் அகற்ற வேண்டும். கழித்த இலையையும் வேரையும் நீர்க்கரைக்கு அப்பால் வைக்கோல், மாட்டெருவுடன் அடுக்கி மக்கவிட்டால் மரக்கறிப் பாத்திகளுக்குக் கூட்டெருவாகும்.

எல்லாவற்றினும் முக்கியமானது, நாருக்காக இக்களையை ஒருபோதும் வளர்க்கலாகாது என்பதே. ஒரு வீட்டார் குளத்திற் பேணி வைத்த செடி ஒரு வெள்ளத்தோடு வட்டை முழுவதையும் சேர்ந்துவிடும். கதிரைக்காக ஆற்றுவாழை வளர்ப்பது அடுப்பெரிக்கக் கூரையைப் பிடுங்குவதற்கு ஒப்பாகும்.

கமக்காரர் அமைப்பினர் வாய்க்கால் துப்புரவு நாளை முற்கூட்டியே மாதர் சங்கத்தாருக்கு அறிவித்தால், அள்ளிய களையிலிருந்து நல்ல காம்பை அவர்கள் அன்றே பிரித்தெடுக்கலாம். அதனால் வாய்க்காலில் நீர் வடியும். வீட்டுக்கும் சிறு வருவாய் சேரும்.