கோபுரத்தில் கொடி, கோப்பில் கணக்கு

சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் வட்டாரத்தில், வானளாவும் கண்ணாடிக் கட்டடங்களுக்கு நடுவே ஒன்று மட்டும் சிவப்பாக நிற்கிறது. 2016-இல் கட்டி முடிக்கப்பட்ட ஒயேசியா ஹோட்டல் அது. 27 மாடி. வெளிப்புறம் முழுக்கச் சிவப்பு அலுமினிய வலை. அதைப் பற்றிக்கொண்டு 21 வகைக் கொடிகள் ஏறுகின்றன. வடிவமைத்தது வோஹா என்ற உள்ளூர்க் கட்டடக்கலை நிறுவனம். உலகின் சிறந்த உயரக் கட்டடத்துக்கான சர்வதேச விருது 2018-இல் இதற்குக் கிடைத்தது. ஆசியாவில் பசுமை நகரம் பற்றி யார் பேசினாலும் திரையில் இதன் படம் வந்துவிடுகிறது.

படத்தைப் பார்த்ததும், நாலு மாடியில் நாலு செடியைத் தொங்கவிட்டால் வேலை முடிந்தது என்று தோன்றுவது இயல்பு. அப்படி நினைப்பவர்கள் சீனாவின் செங்டு நகரத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். அங்கே 2018-இல் எட்டுக் குடியிருப்புக் கோபுரங்கள் எழும்பின. ஒவ்வொரு பால்கனியிலும் ஒரு தோட்டம் என்பது விளம்பரம். 826 வீடுகளும் விற்றுத் தீர்ந்தன. 2020-இல் செய்தி நிறுவனங்கள் போய்ப் பார்த்தபோது குடிவந்திருந்தவை ஏறக்குறைய பத்துக் குடும்பங்கள்தான். ஆள் பார்க்காத செடிகள் மண்டிக் கைப்பிடிச் சுவரைத் தாண்டிக் கீழே தொங்கின. வீட்டுக்குள் கொசு.

இரண்டு நகரங்களிலும் செடி ஒன்றுதான், யோசனையும் ஒன்றுதான். வித்தியாசம் அரசாங்கக் கோப்பில் இருக்கிறது. அதை யாரும் படம் எடுப்பதில்லை.

சிங்கப்பூரின் நகர மறுசீரமைப்பு ஆணையம் 2009-இல் ஒரு திட்டம் கொண்டுவந்தது. சாரம் எளிமையானது. ஒரு மனையில் கட்டடம் எழுப்பினால் அங்கிருந்த மண் போய்விடுகிறது. மனையின் பரப்பு எவ்வளவோ அந்த அளவுப் பசுமையைக் கூரையிலோ, இடைமாடியிலோ, மாடத்திலோ திருப்பிக் கொடு என்பதுதான். முதலில் மரினா பே போன்ற குறிப்பிட்ட பகுதிகளில் இது நடைமுறைக்கு வந்தது, பிறகு விரிந்தது. 2013-இல் திறக்கப்பட்ட பார்க்ராயல் பிக்கரிங் ஹோட்டல் கேட்டதற்கு மேலேயே கொடுத்தது. அதன் மாடித் தோட்டங்களைச் சேர்த்தால் 15,000 சதுர மீட்டர். மனையின் பரப்பைப்போல இரண்டு மடங்குக்கும் அதிகம்.

கட்டாயம் மட்டும் இருந்திருந்தால் கட்டுமான நிறுவனங்கள் முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கு நாலு தொட்டி வைத்திருக்கும். இங்கே சலுகையும் இருக்கிறது. ஒரு மனையில் மொத்தம் இத்தனை சதுர மீட்டர்தான் கட்டலாம் என்று வரம்பு உண்டு. திறந்த இடைமாடித் தோட்டத்தை, சில நிபந்தனைகளோடு, அந்த வரம்பில் சேர்க்காமல் விட்டுவிடுகிறார்கள். விற்கும் பரப்பை இழக்காமல் தோட்டம் வைக்கலாம் என்றானதும் முதலாளிக்கும் தோட்டம் பிடித்துப்போகிறது. என் கணிப்பில் சிங்கப்பூரின் பசுமைக்கு வோஹாவின் வரைபடங்களைவிட இந்த ஒரு விதிவிலக்கு அதிகம் செய்திருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. 1966-இல் வந்த நிலக் கையகப்படுத்தும் சட்டத்தால் தீவின் பெரும்பகுதி நிலம் அரசின் கையில் இருக்கிறது. தனியாருக்குப் பெரும்பாலும் 99 ஆண்டுக் குத்தகைக்குத்தான் விடுகிறார்கள். நிலத்தைக் கொடுப்பவரே விதியையும் எழுதும்போது பேரத்துக்கு இடம் குறைவு. மற்ற ஆசிய நகரங்கள் சிங்கப்பூரைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதோடு நின்றுவிடுவதற்கு இது முக்கியக் காரணம்.

சரி, ஹோட்டல்களை விடுவோம். சிங்கப்பூர்வாசிகளில் ஏறக்குறைய பத்தில் எட்டுப் பேர் வசிப்பது வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், அதாவது வீவக கட்டிய அடுக்குமாடிகளில். 1960-இல் தொடங்கிய அமைப்பு அது. 'நிலைத்தன்மை' என்ற சொல் யார் வாயிலும் நுழையாத காலத்தில் வெயிலை எப்படிச் சமாளிப்பது என்று யோசித்தவர்கள் அதன் பொறியாளர்கள். தீவு நிலநடுக்கோட்டுக்கு ஒரு பாகை வடக்கே இருக்கிறது. சூரியன் வருடம் முழுவதும் ஏறக்குறைய நேர் கிழக்கில் எழுந்து நேர் மேற்கில் விழுகிறது. கிழக்கு, மேற்குச் சுவர்கள்தான் காய்கின்றன. அதனால் முடிந்த இடத்திலெல்லாம் புளோக்கின் நீண்ட முகத்தை வடக்கு தெற்காகத் திருப்பி, குட்டையான பக்கத்தை மேற்கு வெயிலுக்குக் காட்டினார்கள். இதற்குக் கூடுதலாக ஒரு டாலர்கூடச் செலவில்லை.

அடுத்தது கீழ்த்தளம். 1970-களிலிருந்து கட்டிய பெரும்பாலான புளோக்குகளில் தரைத்தளத்தில் வீடுகளே கிடையாது. தூண்கள், சிமென்டுத் தரை, சில கல் மேசைகள், அவ்வளவுதான். காற்று இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போகும். மலாய்க்காரர் கல்யாண விருந்து அங்கே நடக்கும். சீனர் வீட்டுத் துக்கத்துக்கு அங்கேதான் பந்தல். மற்ற நாளில் முதியவர்கள் சதுரங்கம் ஆடுவார்கள், பிள்ளைகள் மழைக்கு ஒதுங்குவார்கள். கட்டடக்கலைப் பத்திரிகைகளின் அட்டையில் வரக்கூடிய அழகு அதற்கு இல்லை. ஆனால் ஒரு வெப்பமண்டல நகரம் தன் மக்களுக்குத் தரக்கூடிய மிக மலிவான, மிக நல்ல பரிசு நிழலான தரைதான். ரயில் நிலையத்திலிருந்து 400 மீட்டர் தூரத்துக்குள் பள்ளி, மருந்தகம் போன்ற இடங்களுக்குக் கூரை போட்ட நடைபாதை அமைப்பதாக 2013-இல் அறிவித்ததும் அதே சிந்தனையின் தொடர்ச்சி. நடக்க முடிகிற ஊரில்தான் கார் குறையும்.

இந்தப் பழைய பாடங்களையெல்லாம் ஒரே மனையில் அடுக்கிவைத்தால் எப்படி இருக்கும்? தீவின் வடக்கே, அட்மிரல்டி எம்ஆர்டி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் நிற்கும் கம்போங் அட்மிரல்டி அதுதான். மனை 0.9 ஹெக்டர் மட்டுமே. 45 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது என்ற கட்டுப்பாடு வேறு. வீவகவும் வோஹாவும் ஒவ்வொரு தேவைக்கும் தனித்தனிக் கட்டடம் கட்டாமல் ஒன்றின் மேல் ஒன்றாக ஏற்றிவிட்டன. தரையில் பக்கங்கள் திறந்த பொதுச் சதுக்கம், மேலே உள்ள மாடிகளே அதற்குக் கூரை. இரண்டாம் தளத்தில் சுமார் 900 பேர் உட்காரக்கூடிய உணவங்காடி நிலையம். அதற்கு மேல் மருத்துவ நிலையம். இன்னும் மேலே போனால் முதியோர் நடுவமும் குழந்தைப் பராமரிப்பு நிலையமும் அடுத்தடுத்து இருக்கின்றன. படிப்படியாக ஏறும் கூரைத் தோட்டத்தில் குடியிருப்பவர்களுக்குப் பயிர் செய்யப் பாத்திகள். இவற்றோடு 11 மாடி உயரத்தில் இரண்டு புளோக்குகள், முதியவர்களுக்கென்றே 104 சிறிய வீடுகள்.

இதில் எனக்குப் பிடித்தது மரங்களைவிட ஒரு பெஞ்சு. பொது நுழைவிடங்களில், வீட்டுக்கு வெளியே வந்ததும் எதிர்ப்படும்படி இருக்கை போட்டிருக்கிறார்கள். தனியாக வாழும் எழுபது வயதுக்காரர் வாசலைத் தாண்டினால் பக்கத்து வீட்டுக்காரரிடம் இரண்டு வார்த்தை பேசாமல் போக முடியாது. டாக்டரைப் பார்க்க பஸ் ஏற வேண்டாம், சாப்பாட்டுக்கு லிஃப்டில் இறங்கினால் போதும். மிச்சமாகும் ஒவ்வொரு பயணமும் எரிபொருள் கணக்கில் வரவு. உலகக் கட்டடக்கலை விழா 2018-இல் இதை ஆண்டின் சிறந்த கட்டடம் என்று தேர்ந்தெடுத்தது. இப்படியொரு விருது ஓர் அரசாங்கக் குடியிருப்புக்குக் கிடைத்தது நல்ல செய்தி.

அடுத்தது தண்ணீர். சுதந்திரத்துக்குப் பிந்தைய ஆண்டுகளில் வெள்ளத்துக்கும் கொசுவுக்கும் பயந்த சிங்கப்பூர் ஆறுகளை நேராக்கி கான்கிரீட் பூசியது. மழை விழுந்த வேகத்தில் நீர் கடலுக்கு ஓடியது. காலாங் ஆறும் பீஷான் பூங்காவின் ஓரத்தில் இரும்பு வேலிக்குப் பின்னால் 2.7 கிலோமீட்டர் நீளச் சிமென்டு வாய்க்காலாகக் கிடந்தது. 2006-இல் பொதுப் பயனீட்டுக் கழகம் நீர்நிலைகளை மக்களுக்குத் திறந்துவிடும் திட்டத்தைத் தொடங்கியது. ஜெர்மானிய நிலவடிவமைப்பாளர் ஹெர்பர்ட் டிரைசைட்டலின் குழு அந்த வாய்க்காலை உடைத்துப் பூங்காவுக்குள் வளைந்து செல்லும் 3.2 கிலோமீட்டர் ஆறாக மாற்றியது. 2012-இல் திறந்தார்கள்.

கரையைப் பிடித்து நிறுத்துவது கான்கிரீட் அல்ல, வேர். கற்களையும் சுள்ளிக் கட்டுகளையும் நாரால் பின்னிய பாய்களையும் பரப்பி, இடையில் செடி நட்டார்கள். வேர் இறங்க இறங்கக் கரை இறுகும். வெப்பமண்டலத்தில் இது தாங்குமா என்ற சந்தேகம் இருந்ததால் முதலில் ஒரு பக்க வாய்க்காலில் சோதித்துப் பார்த்த பிறகே ஆற்றில் கை வைத்தார்கள். சாதாரண நாளில் தண்ணீர் கணுக்கால், முழங்கால் அளவு. பெருமழை வந்தால் ஆறு கரையேறிப் புல்வெளியில் பரவி ஏறக்குறைய நூறு மீட்டர் அகலமாகும். பழைய வாய்க்காலைவிட இது சுமார் 40 விழுக்காடு கூடுதல் நீரைக் கொள்ளும். நீர்மட்டம் உயரும்போது எச்சரிக்க உணரிகளும் ஒலிபெருக்கிகளும் வைத்திருக்கிறார்கள். உடைத்த கான்கிரீட்டை எங்கும் கொண்டுபோய்க் கொட்டவில்லை, பூங்காவுக்குள்ளேயே ஒரு குன்றாக்கிவிட்டார்கள். யாரும் கூப்பிடாமல் நீர்நாய்களும் வந்து சேர்ந்தன.

இவ்வளவு பாராட்டியாயிற்று. கணக்கின் மறுபக்கத்தையும் புரட்ட வேண்டும்.

முதல் செலவு ஏசி. நாட்டின் வெற்றிக்குக் குளிர்சாதனம் ஒரு முக்கியக் காரணம் என்று முதல் பிரதமர் லீ குவான் இயூவே வெளிப்படையாகச் சொன்னவர். ஏசி உள்ளே இருக்கும் வெப்பத்தை வெளியே தள்ளுகிறது, தெரு சூடாகிறது, தெரு சூடானால் இன்னும் ஏசி. நகர மையத்துக்கும் பசுமையான புறப்பகுதிக்கும் இடையே சில இரவுகளில் 7 பாகை செல்சியஸ் வரை வித்தியாசம் பதிவாகியிருக்கிறது. தீர்வாக மரினா பேயில் நிலத்தடி ஆலை ஒன்றில் நீரைக் குளிரவைத்துக் குழாய் வழியே பல கட்டடங்களுக்கு அனுப்புகிறார்கள். அங்கே அது நன்றாகவே ஓடுகிறது. அதே யோசனையைத் தெங்கா என்ற புதுநகரில் சாதாரண வீவக வீடுகளுக்குக் கொண்டுபோனபோது, 2023-இல் குடிவந்த சிலர் குழாய்களில் நீர் கசிவதாகவும் வேலை இழுத்தடிப்பதாகவும் புகார் சொன்னார்கள்.

தெங்காவிலேயே இரண்டாவது செலவும் இருக்கிறது. 700 ஹெக்டரில் 42,000 வீடுகள், காருக்கு இடமில்லாத நகர மையம், 'காட்டு நகரம்' என்ற பெயர். ஆனால் அந்த நிலத்தில் முன்பு தானாக வளர்ந்து நின்றது நிஜக் காடு. அதில் பெரும்பகுதியை வெட்டித்தான் காட்டு நகரம் வருகிறது. விலங்குகள் கடந்துபோக 5 கிலோமீட்டர் நீளத்தில் 100 மீட்டர் அகலக் காட்டுப் பாதையை விட்டிருக்கிறார்கள். ஒன்றுமில்லாததற்கு அது மேல்தான். மாடித் தோட்டம் நட்டு வளர்த்த பசுமை, காடு வேறு உயிர். இரண்டையும் ஒரே சதுர மீட்டரில் அளப்பது, பசுமையைத் திருப்பிக் கேட்கும் அந்த நல்ல விதியின் பலவீனம்.

மூன்றாவதைச் சதுர மீட்டரில் அளக்கவே முடியாது. இந்தக் கட்டடங்களை எழுப்பியவர்களில் தமிழ்நாட்டிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் போன தொழிலாளர்கள் ஏராளம். அவர்களில் பெரும்பாலோர் தங்குவது கீழ்த்தளமும் கூரைத் தோட்டமும் உள்ள புளோக்குகளில் அல்ல, தொழிலாளர் விடுதிகளில். அங்கே ஓர் அறையில் எத்தனை பேர் படுத்திருந்தார்கள் என்பது 2020-இல் கொரோனா பரவியபோதுதான் உலகத்துக்குத் தெரிந்தது. அதன் பிறகு விடுதி விதிகளைத் திருத்தினார்கள். விருதுப் பட்டியல்களில் இந்த அத்தியாயத்துக்கு இடமில்லை.

சிங்கப்பூர் போகிறவர்கள் மரினா பேயில் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். எம்ஆர்டியின் சிவப்புத் தடத்தில் ஏறுங்கள். பீஷானில் ஆறு, வட கோடிப் பக்கம் அட்மிரல்டியில் அந்தச் சதுக்கம், இடையில் எந்த நிலையத்தில் இறங்கி நடந்தாலும் கீழ்த்தளம். எதற்கும் நுழைவுக் கட்டணம் கிடையாது. நல்ல மதிய வெயிலில் போய்ப் பாருங்கள். நிழலின் அருமை அப்போதுதான் தெரியும்.