புல் கட்டிய கம்பி

“எல்லாமே ஹேவயர் ஆயிடுச்சு மாமா” என்று சொல்லிக்கொண்டே டீ டம்ளரை வாங்கினாள் அக்கா மகள். கல்லூரித் தோழிகளோடு போட்ட கொடைக்கானல் திட்டம் ஊத்திக்கொண்டதாம்.

“அது என்ன கம்பி தெரியுமா?” என்றேன்.

“கம்பியா?”

கம்பிதான். வயர் என்றால் கம்பி. ஹே என்றதும் நமக்கு வைக்கோல் நினைவுக்கு வரும். ஆனால் அது மாட்டுத் தீவனத்துக்காகக் காயவைத்த புல். அமெரிக்கப் பண்ணைகளில் ஒரு காலத்தில் அந்தப் புல்லை அமுக்கிக் கட்டுக் கட்டாக மெல்லிய கம்பியால் இறுக்குவார்கள். கட்டைப் பிரிக்கக் கம்பியை வெட்டினால், இறுக்கம் விட்டதும் அது துள்ளிச் சுருண்டு காலைச் சுற்றும். அதற்காக யாரும் அதைத் தூக்கி எறிந்ததில்லை. வேலி அறுந்தால் அந்தக் கம்பி, குதிரைச் சேணம் பிய்ந்தால் அந்தக் கம்பி. நம் வீடுகளில் சணல் கயிறு செய்கிற வேலைதான்.

மரம் வெட்டும் முகாம்களில் இது வசையாகவே ஆகிவிட்டது. ஓட்டை உடைசல் சாமானை வைத்துக்கொண்டு ஒப்பேற்றுகிற கூட்டத்தை ‘ஹேவயர் அவுட்ஃபிட்’ என்று இளக்காரமாகச் சொல்வார்கள். 1905-இல் அமெரிக்க வனத்துறை வெளியிட்ட கலைச்சொல் தொகுப்பில் இதே பொருளோடு அது இருக்கிறது. ‘கோ ஹேவயர்’ என்று வினையாக வந்தது அதற்குப் பிறகு. இந்தச் சொல்லில் எனக்குப் பிடித்ததே இதுதான்: கெட்டுப்போன பொருளின் பெயர் இதில் இல்லை, அதை ஒட்டுப்போட்ட கம்பியின் பெயர்தான் இருக்கிறது.

“அப்போ கோபத்துக்கு ‘ஃப்ளை ஆஃப் த ஹேண்டில்’ங்கறாங்களே?”

அது கோடரி. காம்பு தளர்ந்தால் ஓங்கும்போது இரும்புத் தலை பறந்துபோய் யார் மேலாவது விழும். சட்டென்று நிதானம் இழக்கிற ஆளுக்குத்தான் அது பொருந்தும், திட்டத்துக்கு வராது. திட்டம் சொதப்பினால் பிரிட்டிஷ்காரர்கள் பேரிக்காய் வடிவமாகிவிட்டது என்பார்கள். ‘ஸ்க்ரூ லூஸ்’ பற்றி விளக்கவே வேண்டாம். நாமும் மரை கழண்டவன் என்றுதானே சொல்கிறோம்?

‘லூஸ் கேனன்’ பயங்கரமானது. அந்தக் காலப் போர்க்கப்பலில் பீரங்கிக்குச் சக்கரம் உண்டு. கட்டு அறுந்தால் கப்பல் ஆடுகிற திசையெல்லாம் உருண்டு ஆளையும் பலகையையும் நொறுக்கும். விக்தோர் ஹ்யூகோ 1874-இல் வெளியிட்ட ‘தொண்ணூற்று மூன்று’ நாவலில் இப்படி ஒரு காட்சி வருகிறது. பீரங்கியைச் சரியாகக் கட்டாமல் விட்டவனே உயிரைப் பணயம் வைத்து அதை அடக்குகிறான். தளபதி முதலில் அவன் நெஞ்சில் பதக்கம் குத்துகிறார். அடுத்து, கட்டாமல் விட்ட குற்றத்துக்காகச் சுடச் சொல்கிறார். இன்று அந்தச் சொல், என்ன பேசுவார், யாரைக் கவிழ்ப்பார் என்று சொந்தக் கட்சியே பயப்படுகிற அரசியல்வாதிக்கு.

“சரி, உன் டூர் எப்படிச் சொதப்பிச்சு?”

ரயில் டிக்கெட் வெயிட்டிங் லிஸ்டில். தங்குவதற்கு யாரோ ஒருத்தியின் சித்தப்பா வீடு. சுற்றிப் பார்க்க அண்ணனிடம் கடன் கேட்ட வேன். சித்தப்பாவுக்கு விஷயமே தெரியாதாம்.

“அப்படின்னா சரியான வார்த்தையைத்தான் சொல்லியிருக்கே” என்றேன்.